அலைமேல் பலகை – 11: மூன்றாவது ஃபின்

சென்ற வாரம் டாம் பிளேக்கை வைக்கீக்கிக் கரையில் விட்டுவிட்டு வந்தோம். 1935-இல், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு விசைப்படகின் அடித்தகட்டைக் கழற்றித் தன் பலகையின் வாலருகே பொருத்திக்கொண்டு அவர் கடலில் இறங்கினார். ஏறத்தாழ ஓர் அடி நீளம், நாலு அங்குல ஆழம். அலைச்சறுக்குப் பலகையின் வரலாற்றில் முதல் ஃபின் என்று பதிவாகியிருப்பது அதுதான்.

அங்கிருந்து 1981 வரை 46 ஆண்டுகள். இந்தக் காலத்தில் பலகையில் மாறாதது எதுவுமில்லை. மரம் போய் நுரையும் கண்ணாடி இழையும் வந்தன. ஆளைவிட இரண்டு மடங்கு நீளமாக இருந்தது ஆளின் உயரத்துக்கே சுருங்கியது. படம் எடுத்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்த்ததெல்லாம் பலகையின் மேற்புறத்தை. பெரிய மாற்றம் நடந்த இடம் அடிப்புறம், நீருக்குள் மறைந்திருந்த கையகலத் தகட்டில். அந்தத் தகடு எப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது என்பதுதான் இந்த வாரக் கதை. அலைச்சறுக்கு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஃபின் இல்லாத காலத்தில் என்ன சிக்கல் இருந்தது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஹவாய்க்காரர்களின் பழைய பலகைகளுக்கு அடியில் எதுவும் கிடையாது. அலை மிதமாக இருந்து, கரையை நோக்கி நேராக வரும்வரை தொல்லை இல்லை. அலையின் சரிவில் குறுக்காகப் போக முயன்றால்தான் வினை. பரிசலைப் போல எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வழுக்கிப்போகும் பொருளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே தெரியாது. வால் பக்கம் வழுக்கிக் கீழே இறங்கும், பலகை திரும்பிக்கொள்ளும், ஆள் தண்ணீரில். காலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போய்த் திசை திருப்புவது அன்றைய வழக்கம். அது திருப்பத்தையும் தந்தது, வேகத்தையும் தின்றது.

1930-களின் பிற்பகுதியில் ஹொனலூலுவில் ஜான் கெல்லி, வாலி ஃபிராய்ஸெத், ஃபிரான் ஹீத் என்று மூன்று இளைஞர்கள் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். செங்குத்தான அலைகளில் வால் நழுவி நழுவிச் சலித்துப்போன கெல்லி ஒரு நாள் கோடாரியை எடுத்து, பலகையின் அகன்ற வாலை இருபுறமும் செதுக்கித் தள்ளினார். வால் குறுகியது, அடிப்புறம் படகின் அடிபோலக் கூம்பியது. அந்த வால் நீருக்குள் ஆழமாக அமிழ்ந்து அலைச்சுவரைப் பற்றிக்கொண்டது. ஹாட் கர்ல் என்ற அந்தப் பலகைகளோடு அவர்கள் மக்காஹாவின் பெரிய அலைகளில் இறங்கினார்கள். அங்கே அதுவரை யாரும் போகாத கோணத்தில் குறுக்காகப் போனார்கள். ஆக, நழுவலுக்கு இரண்டு விடைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே தீவில் கிடைத்தன. வாலையே மாற்றினார் கெல்லி. வாலில் ஒன்றைச் சேர்த்தார் பிளேக். இந்த இரண்டும் பின்னாளில் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொண்டன என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். வாலின் அகலத்தைச் சொல்லாமல் ஃபின்னின் கதையைச் சொல்லவே முடியாது.

இனி ஃபின் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். பலகை நேர்கோட்டில் போகும்போது அதற்கு வேலையே இல்லை. தண்ணீர் இருபுறமும் சமமாக ஓடுகிறது. கொஞ்சம் தடை மட்டும் மிச்சம். பலகை லேசாகப் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியதும் தண்ணீர் ஃபின்னைச் சாய்வாக வந்து அடிக்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது. விமானத்தின் இறக்கையை மேலே தூக்கும் அதே விசை இங்கே ஃபின்னைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நழுவும் வாலை அது திருப்பித் தள்ளிப் பிடித்துவைக்கிறது. பிடிப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த விசைக்குச் சில குணங்கள் உண்டு. ஃபின்னின் பரப்பு இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. தண்ணீர் வந்து அடிக்கும் சாய்வு கூடக்கூட விசையும் கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஏறத்தாழ பத்துப் பதினைந்து பாகையைத் தாண்டினால் தண்ணீர் ஃபின்னின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஃபின் பலகையின் விளிம்புக்கு அருகே, நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால், அந்த இடைவெளியில் மேலிருந்து காற்றும் புகுந்துவிடும். அந்தக் கணமே பிடி விட்டுப்போகும். முன்னறிவிப்பே இல்லாமல் வால் சுழன்று திரும்பிவிடும்.

விலையும் உண்டு. அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் ஃபின்னின் நுனியைச் சுற்றிக்கொண்டு அழுத்தம் குறைந்த பக்கத்துக்குத் தாவுகிறது. அது சுழலாக மாறிப் பின்னால் போகிறது. அந்தச் சுழலைச் சுழற்றும் ஆற்றல் சறுக்குபவரின் வேகத்திலிருந்துதான் போகிறது. பிடிப்பு வேண்டும் என்றால் வேகத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. பிடிப்பும் வேகமும் எதிரிகள் என்று பலகை செய்பவர்களில் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. மறுபாதியைக் கண்டுபிடிக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1950-களின் ஃபின்னை இன்று பார்த்தால் கனமான மரக்கட்டையாகத் தெரியும். அடிப்பாகம் அகலம், முனை மழுங்கல், பருமன் ஏராளம். பலகையும் ஒன்பது பத்து அடி. அந்த ஃபின்னுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: பலகை நேராகப் போக வேண்டும், அதன் மூக்கில் ஒருவர் நடந்துபோய் நின்றாலும் வால் நழுவக் கூடாது. திரும்ப வேண்டுமானால் வாலில் அழுத்தி நின்று பலகையைத் தூக்கிச் சுழற்றுவார்கள். திருப்பம் முடியும்போது வேகம் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும்.

இதை மாற்றியவர் நின்று சறுக்கியவரே இல்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனோ, முழங்காலிட்டுச் சறுக்கியவர். சிறுவயதில் இதயத்தில் பெரிய அறுவைச் சிகிச்சை. பெரும்பாலும் செருப்பே போடாதவர். போட்டிகளில் அவருக்கு நாட்டமில்லை. அலைக்குழலுக்குள் போய் வருவது ஒன்றே குறி. அதற்காகக் கனமான கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு போய் அலையின் உள்ளிருந்து படம் பிடித்தவர். அவருடைய சிறிய பலகையின் நடுப்பகுதி வெறும் கண்ணாடி இழைதான், நுரையே கிடையாது. அகப்பையைப் போலக் குழிந்து அலையின் வளைவுக்கேற்ப வளைந்துகொடுக்கும். இவ்வளவு வேகமாகப் போகும் பலகைக்குக் கட்டை ஃபின் ஒத்துவரவில்லை.

கிரீனோ சூரை மீனைப் பார்த்தார். கடலில் மிக வேகமாகப் போகும் மீன்களில் ஒன்று அது. அதன் வாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அகலமே இல்லை, நீளம்தான். அரிவாள்போல் பின்னோக்கி வளைந்திருக்கும், நுனி கூர்ந்திருக்கும். குறுகி நீண்ட வடிவத்தில் நுனி சிறியது. அதைச் சுற்றித் தாவும் தண்ணீரும் குறைவு. வீணாகும் வேகமும் குறைவு. கண்ணாடி இழையை அடுக்கடுக்காக ஒட்டி, அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் வருமாறு தேய்த்துத் தேய்த்துத் தன் ஃபின்னை அவர் அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அது வளையவும் செய்தது. திருப்பத்தின் அழுத்தத்தில் நுனி மடங்கிக்கொடுக்கும். அழுத்தம் தளரும்போது நிமிர்ந்து ஓர் உந்து உந்தும். கட்டை ஃபின்னோடு ஒப்பிட்டால் பரப்பு மிகக் குறைவு, தடையும் குறைவு. பிடிப்பு மட்டும் குறையவில்லை.

கிரீனோ 1960-களின் நடுவில் ஆஸ்திரேலியா போனார். அங்கே பாப் மெக்டேவிஷ் என்ற பலகைக் கலைஞரும் நாட் யங் என்ற இளைஞரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1966-இல் சான் டியேகோவில் உலகப் போட்டி. டேவிட் நுயீவாதான் வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பலகையின் மூக்கில் நிற்பதில் அவருக்கு இணை கிடையாது. நாட் யங்குக்கு 18 வயது. கையில் ‘மேஜிக் சாம்’ என்று பெயரிட்ட 9 அடி 4 அங்குலப் பலகை, அன்றைய வழக்கத்தைவிட மெல்லியது. அடியில் கிரீனோ வழியில் செய்த ஃபின். மூக்கில் போய் நிற்பதை முதன்மையாக்காமல், அலையின் மேலும் கீழுமாகப் பாய்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் வேகம் குறையாமல் வெளியே வந்தார். பட்டம் அவருக்குத்தான். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் பலகைகள் மூன்று அடிக்கும் மேல் சுருங்கின. இந்தப் புரட்சியைப் பற்றி எழுதுபவர்கள் பலகையின் நீளத்தைத்தான் சொல்வார்கள். கிரீனோவின் ஃபின் இல்லாமல் சுருங்கிய பலகை எதைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கும் என்று கேட்டால், பெருமை போக வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

ஒற்றை ஃபின் தன் உச்சத்தை அடைந்தது 1970-களில், ஹவாயில். பைப்லைன், சன்செட் போன்ற இடங்களின் பெரிய அலைகளில் குறுகிய வாலும் ஆழமான ஒற்றை ஃபின்னும் கொண்ட பலகைகள் அம்பாகப் பாய்ந்தன. ஆனால் வால் ஏன் குறுகலாக இருக்க வேண்டும்? ஃபின் நடுக்கோட்டில் இருக்கிறது. பலகையை ஒருக்களித்துத் திருப்பும்போது ஒரு விளிம்பு நீரில் அமிழும், மறு விளிம்பு மேலே எழும். வால் அகலமாக இருந்தால் நடுக்கோடும் கூடவே உயர்ந்து, ஃபின் நீரைவிட்டு வெளியே வரத் தொடங்கும். ஆகவே ஒற்றை ஃபின்னுக்குக் குறுகிய வால் கட்டாயம். குறுகிய வால் பெரிய அலைக்குப் பொருந்தும். அங்கே வேகத்தை அலையே தருகிறது. இரண்டடி மூன்றடி அலையில் நிலைமை வேறு. பலகையைத் தூக்கிப் பிடித்து மிதக்கவிட வாலில் போதிய பரப்பு இல்லை. பலகை அமிழ்ந்து நின்றுவிடும்.

1976-இல் தொழில்முறைப் போட்டிகள் ஓர் உலகச் சுற்றாக அமைந்தபோது இது பெரிய குறையாகிவிட்டது. பார்வையாளர் கூடும் நகரக் கடற்கரைகளில், கிடைத்த அலையில் போட்டி நடத்த வேண்டியிருந்தது. சின்ன அலையில் வேகம் காட்டத் தெரிந்தவருக்குத்தான் புள்ளி.

விடை ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் கிடந்தது. 1940-களின் பிற்பகுதியிலேயே பாப் சிம்மன்ஸ் அகன்ற வாலின் இரு ஓரங்களிலும் இரண்டு சிறிய ஃபின்களை வைத்திருந்தார். அடிபட்டு ஒரு கை சரியாக மடங்காத மனிதர், பொறியியல் படித்தவர். நீர்மேல் எழுந்து பாயும் படகுகளைப் பற்றிய லிண்ட்ஸே லார்டின் நூலைப் படித்துப் பலகை செய்தவர். 1954-இல் விண்டன்ஸீ கடற்கரையில் அலையில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய கருத்தும் கூடவே மறக்கப்பட்டது. 1967 வாக்கில் சான் டியேகோவின் ஸ்டீவ் லிஸ், அவரும் முழங்காலிட்டுச் சறுக்குபவர்தான், மீன்வால்போல் நடுவே பிளந்த அகன்ற வாலில் பக்கத்துக்கொரு தாழ்ந்த, நீண்ட ஃபின் வைத்தார். அந்தப் பலகைக்கு ஃபிஷ் என்றே பெயர்.

1976-இல் ஹவாயின் ரெனோ அபெலிரா இந்த வகைப் பலகை ஒன்றை, ஐந்தடி சொச்சம் நீளம்தான், சிட்னிப் போட்டிக்குக் கொண்டுவந்தார். நியூகாசலைச் சேர்ந்த மார்க் ரிச்சர்ட்ஸ் அதைப் பார்த்தார். சின்ன அலையில் அது போன வேகம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. ஹவாயில் டிக் புரூவரிடம் பலகை செய்யும் நுணுக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனக்கென்று இரட்டை ஃபின் பலகையைச் செதுக்கினார். ஃபின்கள் விளிம்பை ஒட்டி இருந்ததால் வால் அகலமாகலாம். நடுவில் எதுவும் இல்லாததால் தடை குறைவு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து ஃபின் நீரில் ஆழமாக இறங்கித் தயாராக நிற்கும். 1979, 1980, 1981, 1982 என்று தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்கள். கைகளை விரித்து, முழங்காலை மடக்கி அவர் அந்தப் பலகையில் வளைந்து வளைந்து போனதைப் படங்களில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் அந்தப் பலகை ரிச்சர்ட்ஸின் கையில் நடந்துகொண்டதுபோல் எல்லோரிடமும் நடந்துகொள்ளவில்லை. சாய்ந்து திரும்பும்போது வெளிப்பக்க ஃபின் நீரைவிட்டு எழுந்துவிடுகிறது. முழுப்பளுவும் உள்பக்கத்துச் சிறிய ஃபின் ஒன்றின் மேல். பின்னால், வாலின் முனையில், நழுவலைத் தடுக்க வேறொன்றும் இல்லை. பளு கூடினால் தண்ணீர் ஃபின்னை அடிக்கும் சாய்வு எல்லையைத் தாண்டும், காற்று புகும், வால் பறந்துவிடும். பெரிய அலையில் இது ஆபத்து. ஹவாயின் பெரிய நாட்களில் ரிச்சர்ட்ஸே ஒற்றை ஃபின்னுக்குத் திரும்பிவிடுவார். கனத்த ஆளுக்கோ சின்ன அலையிலும் இதே தொல்லை.

சிட்னியின் நாராபீன் கடற்கரையில் அப்படி ஒரு கனத்த ஆள் இருந்தார். சைமன் ஆண்டர்சன். ஆறடிக்கும் மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. 1977-இல் ஒற்றை ஃபின்னோடு பெல்ஸ் பீச் போட்டியையும் சிட்னிப் போட்டியையும் வென்றவர். பலகை செய்வதே தொழில். ரிச்சர்ட்ஸின் இரட்டை ஃபின் வந்தபின் எல்லோரையும்போல் அவரும் அதற்கு மாறிப் பார்த்தார். அழுத்தித் திரும்பிய இடத்திலெல்லாம் வால் நழுவியது. ஒற்றை ஃபின்னுக்குத் திரும்பினால் சின்ன அலையில் மற்றவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

1980 அக்டோபரில் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற இன்னொரு பலகைக்காரர் நாராபீனில் ஒரு பலகையோடு நின்றதை ஆண்டர்சன் பார்த்தார். இரட்டை ஃபின் பலகைதான். வாலின் முனையில் அரைநிலா வடிவில் விரல் நீளத்துக்குச் சின்னதாக ஒரு தகடு கூடுதலாக இருந்தது. வால் ஓரளவு நிலையாக நிற்கிறது என்றார் வில்லியம்ஸ். அந்தச் சின்னத் தகட்டை முழு ஃபின்னாக்கினால்? ஆண்டர்சன் வீட்டுக்குப் போய் ஒரு பலகையைச் செதுக்கினார். மூன்று ஃபின்கள், மூன்றும் ஒரே அளவு. துணைக்கென்று ஒன்றை வைக்கவில்லை, மூன்றுமே வேலை செய்ய வேண்டும் என்று வைத்தார். த்ரஸ்டர் என்று பெயரிட்டார்.

அந்தப் பலகையின் வழிவந்த ஒன்றை இன்று கவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு அளவிலும் ஒரு காரணம் தெரியும். முன்னால் இருக்கும் இரண்டும் வாலின் முனையிலிருந்து ஏறத்தாழ 11 அங்குலம் தள்ளி, விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே. பின்னது நடுக்கோட்டில், முனையிலிருந்து மூன்று மூன்றரை அங்குலத்தில். ஒவ்வொன்றும் நாலரை அங்குல ஆழம். பழைய ஒற்றை ஃபின்னின் பாதிதான். முன் ஃபின்கள் இரண்டும் நேராக நிற்பதில்லை. அவற்றின் முன்முனைகள் கால் அங்குலம்போல நடுக்கோட்டை நோக்கித் திரும்பியிருக்கும். அலையில் தண்ணீர் மூக்கிலிருந்து வாலுக்கு நேராக ஓடுவதில்லை. அலைமுகத்தில் மேலே ஏறும் நீர் விளிம்பு வழியாகச் சாய்வாக வருகிறது. அந்தச் சாய்வான நீரை ஏற்கெனவே எதிர்கொண்டு நிற்பதால், சறுக்குபவர் சாய்ந்த கணத்திலேயே ஃபின் பிடிக்கிறது. வெளிப்பக்கமாகவும் ஐந்தாறு பாகை சாய்ந்திருக்கும். பலகை ஒருக்களிக்கும்போது உள்பக்க ஃபின் ஆழம் குறையாமல் நீருக்குள் நிற்க அது உதவும். கையால் தடவினால் இன்னொன்றும் தெரியும். முன் ஃபின்னின் உள்முகம் தட்டை, வெளிமுகம் புடைத்திருக்கும். பின் ஃபின் மட்டும் இருபுறமும் ஒரேபோல் புடைத்தது, ஏனென்றால் அது இடம் வலம் இரண்டுக்கும் சமமாக உழைக்க வேண்டும்.

நேர்கோட்டில் விட்டால் இந்தப் பலகை இரட்டை ஃபின்னைவிட மெதுவாகத்தான் போகும். மூன்று தகடுகள், அவற்றில் இரண்டு நீரோட்டத்துக்குக் கோணலாக நிற்கின்றன. கூடுதல் தடைக்கு வேறு சாட்சி வேண்டாம். பிறகு எப்படி அலையில் இது வேகமாகப் போகிறது?

பதில் திருப்பத்தில் இருக்கிறது. அலைச்சறுக்கில் வேகம் ஒருமுறை கிடைத்துத் தீர்ந்துபோவதில்லை. சரிவில் இறங்கி, அலையடியில் திரும்பி, மீண்டும் மேலேறி, உச்சியில் திரும்பி, மறுபடி இறங்கி, ஒவ்வொரு முறையும் காலால் அழுத்தி அழுத்திப் புதிதாக ஈட்ட வேண்டும். காலால் அழுத்த வேண்டுமென்றால் எதிர்த்து நிற்க ஒன்று வேண்டும். நழுவும் வாலை எவ்வளவு அழுத்தினாலும் அந்த உழைப்பெல்லாம் நுரையாகப் போகும். பழைய கணக்கில் விடுபட்ட மறுபாதி இதுதான். ஆண்டர்சனின் பலகை சாயும்போது விளிம்பு ஃபின்னும் வால் ஃபின்னும் சேர்ந்தே நீரில் இருக்கின்றன. பளு இரண்டுக்கும் பங்காகிறது. எதுவும் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே எவ்வளவு கனத்த ஆளும் முழுப்பலத்தோடு அழுத்தலாம், அழுத்தியது வேகமாகத் திரும்பிவரும். வாலை அகலமாகவும் வைத்துக்கொள்ளலாம். கெல்லி கோடாரியால் வெட்டியெறிந்த அகலத்தை ஆண்டர்சன் திரும்ப வாங்கிக்கொண்டார்.

1981 ஈஸ்டர் விடுமுறை. மெல்போர்னுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெல்ஸ் பீச்சில் பதினைந்து அடி அலைகள் எழுந்தன. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய அலைகளில் சேர்பவை அவை. இன்றும் அதைத்தான் அளவுகோலாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட கடலில் நீண்டு குறுகிய ஒற்றை ஃபின் பலகையோடு இறங்குவதுதான் அன்றைய பாதுகாப்பான வழி. ஆண்டர்சன் ஆறரை அடித் த்ரஸ்டரோடு போனார். மற்றவர்கள் விழாமல் கரைசேர்வதையே பெரிதாக நினைத்த அலைகளில், அவர் அடிமட்டத்தில் முழுப்பளுவையும் போட்டுத் திரும்பி, செங்குத்தாக மேலேறி, உச்சியில் வெட்டித் திரும்பினார். போட்டியை வென்றார். சில வாரங்களில் தன் ஊர்ப் பக்கம் சிட்னிப் போட்டியிலும் வெற்றி. ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், ஹவாயில் பைப்லைன் மாஸ்டர்ஸும் அவருக்கே.

பெரிய அலை, நகரக் கடற்கரை அலை, அலைக்குழல். மூன்று விதமான கடல், ஒரே வகைப் பலகை. இதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. 1981, 1982 பட்டங்களை ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின்னிலேயே வென்றார் என்பது உண்மை. அது அவருடைய தனித்திறமை. 1983-இல் பட்டம் வென்ற டாம் கேரோலின் பலகையில் மூன்று ஃபின்கள் இருந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் உலகப் போட்டிகளில் வேறு எதையும் பார்ப்பது அரிதாகிவிட்டது. கெல்லி ஸ்லேட்டரின் 11 பட்டங்களில் பெரும்பகுதி இந்த அமைப்பின் மேல் நின்று வென்றவைதான்.

மூன்று ஃபின் என்ற எண்ணிக்கை மட்டும் ஆண்டர்சனுக்கு முந்தியது. இதைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் மால்கம், டங்கன் என்ற கேம்ப்பெல் சகோதரர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே பான்ஸர் என்ற பலகையைச் செய்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய ஃபின். இருபுறமும் தாழ்ந்து நீண்ட இரண்டு பக்கத் தகடுகள். அடிப்புறத்தில் இரட்டைக் குழிவு. 1973-இல் பிங் என்ற பெரிய நிறுவனம் அதை விற்கவும் செய்தது. அருமையான பலகை, இன்றும் அதற்கு விசிறிகள் உண்டு. அங்கே நடு ஃபின்தான் தலைவன், பக்கத் தகடுகள் நீரை வழிநடத்தும் துணைகள். பளுவை மூன்றுக்கும் சமமாகப் பிரித்துக்கொடுத்தது ஆண்டர்சன் செய்த காரியம். புதுமை அந்தப் பங்கீட்டில் இருக்கிறது என்பது என் கருத்து.

அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகெங்கும் பலகை செய்பவர்கள் மறுநாளே நகலெடுக்கத் தொடங்கினார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் விற்ற பலகைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் அவருடைய அமைப்பு இருக்கிறது. அதற்கான உரிமைத்தொகை என்று எதுவும் அவருக்குக் கிடைத்ததில்லை. அலைச்சறுக்கு இன்று எவ்வளவு பெரிய வணிகம் என்பதை நினைத்தால் எனக்கு இது உறுத்துகிறது. அவர் தொடர்ந்து பலகை செதுக்கித்தான் பிழைத்தார்.

எல்லோரும் மூன்றுக்கு மாறியபோது மாற மறுத்த ஒருவரும் இருந்தார். சிட்னியின் செய்ன் ஹோரன், உலகப் பட்டத்தில் நான்கு முறை இரண்டாம் இடத்தோடு நின்றவர். ஒற்றை ஃபின்னின் ஆற்றல் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பது அவர் நம்பிக்கை. 1983-இல் ஆஸ்திரேலியா 2 என்ற பாய்மரப் படகு, 132 ஆண்டுகளாக அமெரிக்கர்களிடமே இருந்த அமெரிக்கா கோப்பையை வென்றது. அடிக்கீலின் முனையில் சிறகு வைத்து அதை வடிவமைத்தவர் பென் லெக்ஸன். ஹோரன் அவரிடமே போனார். இருவரும் சேர்ந்து, நுனியில் சிறகு முளைத்த ஒற்றை ஃபின் ஒன்றை உருவாக்கினார்கள். ஸ்டார் ஃபின் என்று பெயர். நுனியைச் சுற்றித் தாவும் நீரைச் சிறகால் மறிப்பது நோக்கம். கிரீனோ சூரை மீனிடம் கேட்ட கேள்விக்கு இது இன்னொரு விடை. கருத்தில் பிழையில்லை. ஆனால் பாய்மரப் படகு ஒரே சாய்வில் மணிக்கணக்கில் போகும். அலைப்பலகையோ நொடிக்கு நொடி சாய்வு மாறும். ஸ்டார் ஃபின் பரவவில்லை. ஹோரன் அதோடு பல ஆண்டுகள் போட்டியில் நின்றார். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

அதுவரை ஃபின் என்பது பலகையோடு பிசின் வைத்து ஒட்டப்பட்ட உறுப்பு. ஒன்றை மாற்ற வேண்டுமானால் அறுத்தெடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். அநேகமாகப் புதுப் பலகையே செய்ய வேண்டியிருக்கும். கழற்றி மாட்டும் முயற்சிகள் 1960-களிலேயே நடந்திருந்தாலும், மூன்று ஃபின் பலகைக்கேற்ற அமைப்பை எஃப்.சி.எஸ். என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தபோதுதான் அது ஊரெங்கும் பரவியது. ஒரு சிறு திருகுச்சாவி போதும். காலையில் பெரிய ஃபின், அலை இறங்கிய மாலையில் சிறியது. பின்னோக்கி அதிகம் வளைந்ததைப் போட்டால் நீண்ட திருப்பம். நிமிர்ந்ததைப் போட்டால் நின்ற இடத்தில் சுழலும். ஆளின் எடைக்கேற்பச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று கடைகளில் அடுக்கினார்கள். கிரீனோவும் ஆண்டர்சனும் பட்டறைத் தூசிக்குள் மாதக்கணக்கில் செய்த சோதனையை இப்போது மணலில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் செய்யலாம்.

அப்படிச் சோதித்தவர்கள் விரைவிலேயே பின் ஃபின்னைக் கழற்றிப் பார்த்தார்கள். வேகம் கூடியது, வால் நழுவியது. ரிச்சர்ட்ஸின் காலத்துப் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வந்தது. நடுவில் எதுவும் வைக்காமல், அதே நேரத்தில் இரண்டு ஃபின்களின் பிடிப்பையும் விடாமல் இருக்க வழி உண்டா? 1980-களின் தொடக்கத்திலேயே கிளென் விண்டன் என்ற ஆஸ்திரேலியர் இதற்கொரு விடை வைத்திருந்தார்: பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஃபின்கள். ஊர் முழுக்க த்ரஸ்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பலகையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அடுத்த வாரம் விண்டனின் பலகையைக் கவிழ்த்துப் பார்ப்போம்.

(தொடரும்)